இன்னொரு பீட்டா

"மறுபடியும் பீட்டாவா? சாஃப்ட்வேர்தான் நல்லா ஓடுதே, இறுதிப் பதிப்பை வெளியிட என்ன பயம்?" மேனேஜர் புரோகிராமர் மீது எரிந்து விழுந்தாள்.

"இன்னும் ஒருதடவை பார்த்துடறேன் மேடம்."

"பார்த்துப் பார்த்தே வருஷம் ஓடிப்போச்சு. நகருங்க."

அவளே நாற்காலியில் உட்கார்ந்தாள். இறுதிப் பதிப்பு வெளியானால், வெள்ளோட்டமாக விட்ட பீட்டாக்கள் எல்லாம் பொதுக் களஞ்சியத்திலிருந்து அழிந்துவிடும் என்று திரை எச்சரித்தது.

"குப்பை ஒழியட்டும். ஆமா, முதல்ல வந்ததுக்கெல்லாம் மைனா, தூக்கணாங்குருவின்னு அழகா பேர் வெச்சிருக்கீங்க. அப்புறம் ஏன் வெறும் நம்பர்?"

"அதெல்லாம் என் மனைவி எழுதினது மேடம், ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே. பேர் வைக்கிறதும் அவதான். அவ போனப்புறம் எனக்குப் பேர் வைக்க வரலை."

பொத்தானுக்குப் போன விரல் நின்றது. மேனேஜர் எழுந்து, நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள்.

"இன்னும் ஒருதடவை பார்த்துடுங்க."