பன்னிரண்டாம் பக்கத்தில் நிற்பவர்கள்

அமர்ந்திருப்பவர்கள்: மலர்க் குழுத் தலைவர் வைரவநாதன், செயலர் அழகப்பன்.

நிற்பவர்கள்: அச்சகம் நடத்தும் நைனா முகமது, எல்லோருக்கும் பாய். பக்கங்களை வடிவமைத்த அவள்.

பின்சந்தில், வேனில்: அச்சடித்த மலர்க்கட்டுகளை ஏற்றிப்போக வந்த நான்கு பேர். அவர்கள் பெயரை யாரும் கேட்கவில்லை.

தலைவர் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார்.

ஊர் மரபு மலர். முப்பத்திரண்டு பக்கம். ஆயிரம் பிரதி. காலையில்தான் நடுவில் கம்பிப் பின் அடித்து முடிந்தது. நாளை விழா.

பத்து. பதினொன்று.

அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

பன்னிரண்டு. விரல் நின்றது.

ஊருணி வெட்டி முடித்த நாளில் எடுத்த படம். தலைவரின் அப்பா நாற்காலியில். இருபுறமும் பெரிய மனிதர்கள். பின்னால் ஆறு பேர், முழங்கால் வரை சேறு, கையில் மண்வெட்டி.

அமர்ந்திருப்பவர்களின் பெயர் கீழே இருந்தது. அது எல்லா மலரிலும் இருக்கும்.

நிற்பவர்களின் பெயரும் இருந்தது.

"சாத்தன், மூக்காயி, கருவாயன், வெள்ளச்சி..."

தலைவர் சத்தமாகத்தான் ஆரம்பித்தார். நான்காவது பெயரில் குரல் நின்றுவிட்டது.

செயலர் பையிலிருந்து ப்ரூஃபை உருவினார். "இதுல இல்லையே. 'மற்றும் ஊர்ப் பொதுமக்கள்'னுதான இருந்துச்சு. அதுக்குத்தான கையெழுத்துப் போட்டேன்."

கையெழுத்துக்குப் பிறகுதான் அவள் மாற்றினாள். மூன்று சொல்லை எடுத்தாள். ஆறு பெயரை வைத்தாள். இரண்டு நிமிட வேலை. அப்போது பயம் இல்லை. தாள் மெஷினுக்குள் போன பிறகு வந்தது. இன்னும் போகவில்லை.

"ஒரு தாளுதான? கிழிச்சிருங்க பாய்," என்றார் செயலர்.

பாய் தொண்டையைச் செருமினார். "நடுவுல பின்னு அடிச்சிருக்குங்க. பன்னெண்டும் இருவத்தொண்ணும் ஒரே தாளு. இதக் கிழிச்சா அதுவும் கழண்டு வந்துரும்."

இருபத்தொன்றில் தலைவரின் அப்பா. முழுப் பக்கம். தலைப்பாகை, தங்கச் சங்கிலி.

"ஏன் பாய், எங்கய்யாவ இவங்களோடயா சேத்துக் கட்டி வச்சிருக்கீங்க?"

செயலர் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. செயலர் நிறுத்திக்கொண்டார்.

"பேரு யாரு குடுத்தது?" என்றார் தலைவர்.

பாய் தரையைப் பார்த்தார்.

"படத்துக்குப் பின்னால எழுதியிருந்துச்சுங்க," என்றாள் அவள்.

சொன்ன பிறகுதான் உறை கண்ணில் பட்டது. மேசை மேல், தலைவரின் முழங்கைக்குப் பக்கத்தில். படம் அதற்குள் இருந்தது.

அவள் வீட்டில் ஆடிப் படையலுக்கு, ஊருணி வெட்டிய முன்னோர்களுக்கு ஆறு இலை போடுவார்கள். இலைக்கு ஒரு பெயர். அப்பா வரிசையாகக் கூப்பிடுவார். தட்டச்சு செய்தபோது அதே வரிசையில் வந்தது.

வேலைக்குச் சேர்ந்த அன்று எந்த ஊர் என்று பாய் கேட்டார். பஸ் மாறும் ஊரைச் சொன்னாள். அவர் மறுபடி கேட்கவில்லை.

ஊருணிக்கு வேலி போட்டு மூன்று வருடம். வாசலில் பூட்டு. அவளுடைய தெற்குத் தெருவுக்குச் சாவி கிடையாது. போன கோடையில் குடத்தோடு வேலி தாண்டியதற்கு அடி வாங்கிய அவள் தம்பி இன்னும் நொண்டுகிறான்.

அவள் விடுதியில் வளர்ந்தவள். அவள் முகம் இவர்களுக்குத் தெரியாது. தம்பியின் முகம் நன்றாகத் தெரியும்.

தலைவர் உறையிலிருந்து படத்தை எடுத்தார். திருப்பினார்.

ஸ்டூடியோ முத்திரை. இரண்டு பழுப்புக் கறை. வேறொன்றும் இல்லை.

மறுபடி முன்பக்கம் திருப்பினார். நிற்பவர்களில் இரண்டாவது, ஒரு பெண். ஒல்லி. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இடது கை இடுப்பில்.

தலைவர் படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

அவள் இடது கையை இடுப்பிலிருந்து எடுத்தாள்.

"எங்க ஊர்லயே ஒருத்தனுக்கும் தெரியாத பேரு." தலைவர் மெதுவாகத்தான் பேசினார். "ஒனக்கு எப்படித் தாயி தெரியும்?"

மின்விசிறி சுற்றியது. மேசையில் கிடந்த மலரின் அட்டை எழும்பி எழும்பி விழுந்தது.

"பேருக்கு மேல ஸ்டிக்கர் ஒட்டிருவம்ங்க," என்றார் பாய் அவசரமாக. "ஆயிரத்துக்கும் ஒட்டிருவம். நீ உள்ள போயி ஸ்டிக்கர் தாள எடுத்துட்டு வாம்மா."

ஸ்டிக்கர் தாள் போன வாரமே தீர்ந்துவிட்டது. பாய்க்குத் தெரியும்.

அவள் உள்ளறைக்குப் போனாள். தாள் ரீம்கள். மை வாசம். அந்தக் கோடியில் சந்துக்குத் திறக்கும் பின்கதவு.

பாய் பின்னாலேயே வந்தார். வாசலில் நின்றார். அங்கே கழற்றிப் போட்டிருந்த அவள் செருப்பைக் காலால் உள்ளே தள்ளினார். ஒன்று கவிழ்ந்து விழுந்தது. கண்ணால் பின்கதவைக் காட்டினார்.

அவருக்குப் பின்னால், முன்னறையில், தலைவர் யாருக்கோ போன் போட்டுக் காதில் வைத்திருந்தார்.

பின்சந்தில், வேனுக்குள், ஒரு போன் அடித்தது.

பாய் அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. உள்ளறைக் கதவை இழுத்துச் சாத்தினார். முன்னறைப் பக்கம் பூட்டு விழுந்தது.