பூசாதவர்

"பவுடர்?"

"இல்ல மேடம்."

"ஷேவ் பண்ணதும் ஏதாவது லோஷன்?"

"தண்ணிதான் மேடம்."

டாக்டரம்மா பேனாவை மேசைமேல் போட்டாள். காலையிலிருந்து இதே பாட்டு.

எதிரே இருந்தவர் லிஃப்ட் மெக்கானிக். ஐம்பதைத் தாண்டிய தனிக்கட்டை. பகல் முழுக்க லிஃப்ட் குழிக்குள் கிடக்கிற மனுஷனுக்கு சன்ஸ்கிரீன் எதற்கு? அதனால்தான் அவரைப் பொறுக்கியெடுத்து, பூசாதவர்கள் பக்கம் சேர்த்திருந்தாள்.

அவர் ரத்தத்தில்தான் இப்போது அந்த ரசாயனம் இருக்கிறதாம்.

வெயிலைத் தடுக்கும் புதுச் சரக்கு அது. க்ரீமில் சேர்க்க அனுமதி கேட்டபோது, பாதுகாப்புக் குழு ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. தோலில் பூசினால் ரத்தத்தில் கலக்குமா?

கலக்காது என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். தோல் என்ன சல்லடையா? யார் கேட்டார்கள்! பாதிப் பேருக்குப் பூசு, பாதிப் பேருக்குப் பூசாதே, இரண்டு பக்கமும் ரத்தம் எடுத்துக் காட்டு என்றார்கள்.

பூசியவர்களின் முடிவு இன்னும் வரவில்லை. சுத்தமாக இருந்தே தீரவேண்டிய பக்கம் முதலில் வந்தது. வந்த அழகு இது.

கடைக்கே வராத சரக்கு. பூசுகிறவர்களுக்குக் கொடுத்தது போக மீதி ட்யூப்கள் எல்லாம் அலமாரியில், சாவி அவளிடம். பூசுகிற கூட்டத்தில் யாரிடமாவது ஓசி வாங்கித் தடவிப் பார்த்திருப்பார், வேறென்ன!

"உண்மையைச் சொல்லுங்க. உங்க ஒருத்தரால இத்தனை மாச வேலையும் குப்பைக்குப் போகப் போகுது. தெரியுதா?"

மெக்கானிக் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் பூசல மேடம். அவங்கதான் பூசுவாங்க."

"எவங்க?"

"ஒருத்தங்க இருக்காங்க. லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடத்துல பழக்கம். வேலை முடிஞ்சதும் கையைக் கோத்துக்கிட்டு கொஞ்ச தூரம் நடப்போம், அவ்வளவுதான். முகத்துல மங்கு விழுதுன்னு என்னமோ பூசுறாங்க. பேருகூட போடாத வெள்ளை ட்யூப். தங்கச்சி கொடுத்தாங்களாம்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு வெட்கம் வராது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"இதை ஏன் முதல்லயே சொல்லல?" என்றாள். காலையிலிருந்து இருந்த அதட்டல் எங்கே போனதென்று தெரியவில்லை.

"தங்கச்சி காதுக்குப் போகக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க மேடம். ரொம்பக் கோவக்காரங்களாம். வாயைத் திறந்தாலே எரிஞ்சு விழுவாங்களாம்."

கணக்கில் வராமல் அலமாரியிலிருந்து வெளியே போனது ஒரே ஒரு ட்யூப். அதை யாருக்கும் தெரியாமல் கைப்பையில் போட்டுக்கொண்டு போனவள் டாக்டரம்மாவேதான்.

அக்காவின் கன்னத்தைப் பார்க்கப் பொறுக்காமல் கொடுத்தது. கண்ணை மூடிக்கொண்டு பூசு, ஒன்றும் ஆகாது என்று சொல்லிக் கொடுத்தது.

இது வெளியே தெரிந்தால் வேலை போகும். போகட்டும். தன்னைப் பார்த்து அக்கா பயப்படுகிறாள் என்பது சுருக்கென்று தைத்தது. அதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கையைக் கோத்த மனுஷன் ரத்தத்திலேயே ஏறியிருக்கிறது. காலையும் மாலையும் முகத்தில் அப்பிக்கொள்கிறவள் உடம்பில் எவ்வளவு ஏறியிருக்கும்?

போனை எடுத்தாள். அக்காவின் எண்ணை அழுத்தினாள்.

"அக்கா, அந்த வெள்ளை ட்யூபை இனிமே தொடாதே. முகத்தைக் கழுவிட்டு உடனே கிளம்பி இங்க வா. திட்ட மாட்டேன்க்கா, வா."

எதிரே இருந்தவர் நாற்காலியை ஓசைப்படாமல் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.