பூஜ்யம் காட்டிய திரை

திரையில் இருந்த இரண்டரை மில்லிமீட்டர் பிழையை டெக்னீஷியனால் குறைக்கவே முடியவில்லை.

ஆபரேஷன் மேஜையில் கழுத்து திறந்தபடி குப்புறப் படுத்திருந்தவர், விரல்களில் ஊசி நிற்காமல் போன ஒரு தையல்காரம்மா. எலும்பில் பூட்டிய பளபளக்கும் உருண்டைகளைக் கேமரா பார்க்கும். அதை வைத்து, டாக்டர் கையிலுள்ள கோலின் நுனி எங்கே இருக்கிறதென்று திரை ஸ்கேன் படத்தின்மேல் காட்டும். அது இரண்டரை மில்லிமீட்டர் தப்பினால், கழுத்தெலும்பில் போட வேண்டிய திருகு மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் இறங்கிவிடும்.

உருண்டைகளை மாற்றச் சொன்னான். கேமராவை நகர்த்தினான். மறுபடி ஸ்கேன் எடுத்தான். எண் அசையவில்லை.

"பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிக்குதேப்பா உன் மெஷின்," என்றார் டாக்டர். "இன்னும் அஞ்சு நிமிஷம். இல்லேன்னா மூடிடுவேன்."

அப்போது எண் பூஜ்யமானது.

பதினோரு ஆண்டுகளில் அவன் அங்கே பூஜ்யத்தைப் பார்த்ததே இல்லை. டாக்டர் மூன்று இடங்களில் கோலை வைத்துப் பார்த்தார். மயிரிழைகூடப் பிசகவில்லை.

"யாரு என்ன செஞ்சீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலை சார்," என்றார் கால்மாட்டில் நின்ற சிஸ்டர். துணிக்கடியில் அவர் கை நோயாளியின் பாதத்தைப் பிடித்திருந்தது. "பயமா இருக்கு, காலைப் பிடிச்சுக்கோங்கக்கான்னு மயக்கத்துக்கு முன்னாடி கேட்டாங்க. இப்பதான் ஞாபகம் வந்துச்சு."

கையை எடுத்தார்: இரண்டரை. வைத்தார்: பூஜ்யம். டெக்னீஷியன் பிடித்துப் பார்த்தான்: இரண்டரை.

பிறகு அவன் சிஸ்டருக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். கடைசியான நான்காவது திருகு இறங்கி முடியும்வரை அவர் அந்தப் பாதத்தை விடவில்லை.