சூடேறாத கம்ப்யூட்டர்

1988. ஆம்புரோஸும் மச்சான் ஸ்டானிஸ்லாஸும் மலேசியாவின் ஈப்போவில் ஒரே நாளில் ஒரே மாதிரி கம்ப்யூட்டர் வாங்கினார்கள். வேகத்தைக் கூட்ட, இரண்டிலும் சிப்பின் ஓட்டத்தை முடுக்கும் கிறிஸ்டலை ஒரே மாதிரி மாற்றிப் பொருத்தினார்கள். ஆம்புரோஸுடையது பத்து நிமிடத்தில் கொதித்து நின்றுவிடும். வெறுத்துப்போய் பிளக்கைப் பிடுங்கிப் போட்டான். ஸ்டானிஸ்லாஸுடையதோ மூன்று நாளாக நிற்காமல் ஓடியது. “எங்க அண்ணனுக்குக் கைராசிலா,” என்றாள் ஆம்புரோஸின் மனைவி எல்ஸி.

பொறுக்காமல் ஆம்புரோஸ் மச்சான் வீட்டுக்குப் போய், மூடியைத் திறந்து சிப்பைத் தொட்டான். ஆற்றுக் கல்லாகக் குளிர்ந்தது.

“என்னா மச்சான் செஞ்ச?”

“ஒன்னும் செய்யலலா. அதுவா ஓடுது.”

மழையில் நனைந்து வீடு திரும்பினான். அவன் கம்ப்யூட்டர்மேல் எல்ஸி பிள்ளைகளின் ஈரக் காலுறைகளை விரித்திருந்தாள்.

“மூனு நாளா இதுமேலதாங்க காயப் போடுறேன். சட்டுனு காஞ்சிடுது.”

காலுறைகளிலிருந்து ஆவி எழுந்தது. பிளக், அவன் பிடுங்கிப் போட்ட இடத்திலேயே தரையில் கிடந்தது.