உலிக்கு விழுந்த திட்டு

அந்தத் தீவுகளின் மொழியில் திட்டுவதற்குச் சொற்பஞ்சமே கிடையாது. ஆனால் வளர்ந்துவிட்ட பிறகு தங்கை அண்ணனிடம் அந்த மொழியில் எந்தச் சொல்லையுமே நேராகப் பேசிவிடக் கூடாது; அண்ணனும் தங்கையிடம் பேசக் கூடாது. அதனால் சேனியும் அவள் அண்ணன் தெவிதாவும் உலி என்ற கறுப்பு நாயை நடுவில் வைத்துத்தான் பேசிக்கொள்வார்கள். "உலி, மீன் வெந்திடுச்சுன்னு சொல்லு" என்பாள் அவள். உலி வாலை ஆட்டும்.

புயலில் காணாமல் போன படகு அன்று காலை கரை தட்டியது. எலும்பும் தோலுமாகத் தெவிதா இறங்கினான். பின்னாலேயே உலி குதித்தது. சேனி ஓடி வந்து நாயின் முன்னால் நின்றாள்.

"கடல் கறுத்துக் கிடந்ததே, கண்ணு தெரியலையா உனக்கு? சொல்லச் சொல்லக் கேக்காம போனியே! ஊர்ப் பொம்பளைங்க உனக்கு ஒப்பாரி வைக்கப் பாயைத் தூக்கிட்டு வந்துட்டாளுங்க. நான்தான் விரட்டி விட்டேன். நீ செத்துத் தொலைஞ்சிருந்தா நான் யார்கிட்டடா பேசுவேன்?"

பசி தாங்காத உலி பாதியிலேயே அடுப்புப் பக்கம் நடந்துவிட்டது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்தும், நாய் நின்றிருந்த ஈர மணலை நோக்கி விரலை நீட்டித் திட்டிக்கொண்டே இருந்தாள். தெவிதாவும் தலையைக் குனிந்து அந்த மணலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, அந்த வெறும் மணலிடம் மெதுவாகச் சொன்னான்:

"உலி, இன்னும் கொஞ்சம் திட்டச் சொல்லு."