நரைக்காத மீசை

"எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் மீசை நரைச்சதே கிடையாது" என்று பெருச்சாளி தன் கறுத்த மீசையைத் தடவிப் பெருமையடித்துக்கொண்டது.

ரத்தத்தை ருசித்தே நோய் சொல்லும் கொசுவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "உங்க அப்பா எப்படிப் போனார்ணே?"

"ஓடிக்கிட்டே இருந்தவர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுப் பொசுக்குன்னு சாஞ்சுட்டார். எனக்கு அப்ப கண்ணுகூடத் திறக்கலை. தாத்தா, பெரியப்பா எல்லாருக்கும் அதே நல்ல சாவுதான்."

"அப்புறம் அவங்க மீசைக்கு நரைக்க ஏது நேரம்? கையை நீட்டுங்க."

"நானே ஒல்லி, எனக்கெதுக்குச் சோதனை?" என்று முனகிக்கொண்டே பெருச்சாளி நீட்டியது.

கொசு ஒரு சொட்டு உறிஞ்சிவிட்டு முகத்தைச் சுளித்தது. "வெண்ணெய் தோத்துடும். இது நீங்க தின்ன கொழுப்பு மட்டுமில்லண்ணே, அப்பா கொடுத்துட்டுப் போனது. பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க."

அன்று முதல் பெருச்சாளி வடையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கொசு காட்டிய கசப்பு இலையைத் தினமும் மென்றது.

வெகுகாலம் கழித்து ஒரு காலையில் அதன் பெண்டாட்டி அலறியது. "ஐயோ, மீசையில ஒரு வெள்ளை முடி! குடும்ப மானமே போச்சு. பிடுங்கிடவா?"

"தொட்டே, கடிச்சிடுவேன்!" என்ற பெருச்சாளி, அந்த ஒற்றை முடியை முறுக்கிவிட்டுக்கொண்டு ஊரெல்லாம் காட்டக் கிளம்பியது.