செடிக்கு என்ன நோய்?

“பொண்டாட்டி படுத்த படுக்கையா கிடக்கறா. இந்த மனுஷனுக்குச் செடிக் கவலை!”

முணுமுணுத்துக்கொண்டேதான் செடிக்காரர் சைக்கிளை நிறுத்தினார். டெய்லர் போன் போட்டுக் கூப்பிடுவது இந்த வாரத்தில் மூன்றாவது தடவை. முதல் ரெண்டு தடவையும் போனிலேயே வைத்தியம் சொல்லித் தட்டிக் கழித்தாயிற்று. இன்றைக்கு விடமாட்டேன் என்றுவிட்டார்.

டெய்லர் வாசலிலேயே நின்றிருந்தார். கழுத்தில் அளவு டேப். வா என்றுகூடச் சொல்லவில்லை.

“அடி இலையெல்லாம் மஞ்சளாப் போச்சு. மேல இருக்கறது ஓரம் கருகுது. எப்படியாவது பிழைக்க வச்சிடுங்க தம்பி.”

“மணி பிளான்ட்தானே அண்ணே? வெறும் பாட்டில் தண்ணியில போட்டாலே வளர்ற ஜாதி. இது போனாப் போகட்டும், வேற ஒண்ணு சும்மாவே தர்றேன்.”

“வேற வேண்டாம். இதுதான் வேணும்.”

செடிக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “அக்கா எப்படி இருக்காங்க?” வேண்டுமென்றே கேட்டார்.

“இருக்கா. நீங்க முதல்ல செடியைப் பாருங்க.”

நல்ல கல்நெஞ்சு என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனார்.

ஒரே அறை, பின்னால் சமையல்கட்டு. ஜன்னலை ஒட்டிக் கட்டில். படுத்தபடியே கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் தொட்டி. கொடி ஜன்னல் கம்பியைப் பிடித்து மேலே ஏறியிருந்தது. கடையில் இருந்த தையல் மெஷினைக் கட்டிலின் கால்மாட்டுக்கே கொண்டுவந்து போட்டிருந்தார் டெய்லர். கட்டிலில் அக்கா. போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை, அத்தனை இளைப்பு.

“வாங்க டாக்டர்,” என்று சிரித்தார் அக்கா. “எனக்கு வர்ற டாக்டர் நின்னுட்டார். செடிக்கு வர ஆரம்பிச்சாச்சு.”

“உடம்புதான் தேஞ்சது, வாய் தேயல,” என்றபடி டெய்லர் மெஷினில் உட்கார்ந்தார். “இந்த மீசைக்காரன் பேன்ட்டைப் பாரேன். மறுபடியும் இடுப்பைப் பிரிக்கணுமாம். பிரிக்கத் துணியே இல்லையேய்யாங்கறேன். ‘கொஞ்சம் காத்தை வச்சுத் தைங்க’ங்கறான்!”

அக்கா குலுங்கினார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு போர்வையைப் பிடித்தார்.

டெய்லர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. “டீ போட்டு எடுத்துட்டு வர்றேன்,” என்று எழுந்து சமையல்கட்டுக்குப் போனார்.

செடிக்காரர் இலையைத் திருப்பிப் பார்த்தார். பூச்சி இல்லை. தண்ணீர் கூடினால் இலை சொதசொதவென்று தொங்கும், குறைந்தால் சுருண்டுவிடும். இது ரெண்டும் இல்லை. ஓரம் மட்டும் நெருப்பு பட்ட மாதிரி. மண்ணுக்குள் விரலை விட்டார். பிசுபிசுவென்று ஒட்டியது. தொட்டியின் விளிம்பைச் சுற்றி எறும்பு. விரலை முகர்ந்தார்.

இனிப்பு மருந்து வாடை.

தலைமாட்டில் பாட்டில் இருந்தது. பக்கத்தில் அளவு மூடி, அடியில் ரெண்டு சொட்டு ஒட்டியபடி. நிமிர்ந்து பார்த்தார். அக்கா உதட்டில் விரலை வைத்தார்.

“அவர்கிட்ட சொல்லிடாதீங்க தம்பி.”

“வலிக்குக் கொடுத்ததா அக்கா?”

“ஆமா. நோய்க்குத்தான் இனிமே ஒண்ணும் இல்லைன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்களே. இதைக் குடிச்சா வலி தெரியாது. அவர் பேசறதும் தெரியாது. கண்ணை முழிச்சா விளக்கு எரியும், ஒரு பகல் போயிருக்கும். என்கிட்ட பகல் என்ன மூட்டை மூட்டையாவா கிடக்கு?”

“அதுக்காக? வலியை எப்படித் தாங்குவீங்க?”

“ராத்திரிக்குக் குடிச்சுடறேன். காலையில கொடுக்கறதைத்தான் ஊத்திடறேன். வலிச்சா வலிக்கட்டும். மீசைக்காரன் கதை கேட்க வேண்டாமா?”

செடிக்காரர் மண் ஒட்டிய விரலைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் டீ வந்துவிட்டது.

“என்ன தம்பி, நோய் பிடிபட்டுதா?”

“தண்ணிதான் அண்ணே. அளவு கூடிப்போச்சு.” டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நான் சொல்லலை?” அக்கா ஒரே போடாகப் போட்டார். “அவருக்குத் துணியிலதான் அளவு தெரியும். தண்ணின்னா வாளி வாளியாக் கொட்டுவார்.”

டீ குடித்து முடித்ததும் டெய்லர் எழுந்தார். செடிக்காரரோடு வெளியே வந்தார். கதவை மெதுவாகச் சாத்தினார்.

“தண்ணி இல்ல தம்பி. மருந்து. எறும்பு வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும்.”

செடிக்காரர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றுவிட்டார். “தெரிஞ்சுமா சும்மா இருக்கீங்க?”

“மூடியில ஊத்திக் கையில கொடுத்துட்டு, நானேதான் தினமும் சமையல்கட்டுக்குப் போயிடறேன். எதிர்ல நின்னா குடின்னு சொல்ல வேண்டிவரும். சொன்னா குடிச்சுடுவா.” டேப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். “அவ பல்லைக் கடிக்கறது மெஷின் சத்தத்தை மீறி எனக்குக் கேட்குது. ஆனாலும் முழிச்சிருக்கணும்னு அவளுக்கு ஆசை. எனக்கும்தான் தம்பி. பாவி, எனக்கும்தான்.”

உள்ளேயிருந்து குரல் வந்தது. “என்னங்க, மீசைக்காரன் அப்புறம் என்ன சொன்னான்?”

“வந்துட்டேன், வந்துட்டேன்!” டெய்லர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“இலை மஞ்சளாகுதுன்னு பார்த்துட்டு ரெண்டு நாளா அவ கை தயங்குது. நேத்து பாதியைக் குடிச்சுட்டு, சாயங்காலம் வரைக்கும் தூங்கிட்டா. புதுசு வச்சா, அதையும் கொன்னுடுவோமோன்னு ஊத்தவே மாட்டா. அதை எப்படியாவது பிழைக்க வச்சிடுங்க தம்பி. அந்தச் செடியும் போயிட்டா, அவ மருந்தை எங்கே ஊத்துவா?”